நியூயார்க் சுரங்க ரயில் வரைபடம்: 1972இன் நேர்க்கோடா, 1979இன் வளைகோடா?

வரைகோல்

கல்லூரியில் இந்த வாரம் இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துப் பேசச் சொன்னார்கள். ஒரே ஊர், ஒரே ரயில், பாணி மட்டும் எதிரெதிர். ஒன்று, மாசிமோ விக்னெல்லி நியூயார்க் சுரங்க ரயிலுக்காக 1972இல் வடிவமைத்தது. இன்னொன்று, அதைத் தூக்கிவிட்டு 1979இல் வந்தது. ஜான் டாரனாக் தலைமையில் ஒரு குழு மேற்பார்க்க, மைக்கேல் ஹெர்ட்ஸின் நிறுவனம் வரைந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். விக்னெல்லியின் படத்தில் வளைவுக்கு வேலையே இல்லை. படுக்கைக் கோடு, செங்குத்துக் கோடு, 45 பாகைச் சாய்வு, அவ்வளவுதான். ஒவ்வொரு ரயிலுக்கும் தனி நிறத்தில் தனிக் கோடு. ஒரு தடத்தில் நாலு ரயில் ஓடினால் நாலு கோடும் ஒட்டிக்கொண்டே போகும். ரயில் நிற்கும் இடத்தில் அதன் கோட்டின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி இல்லையென்றால் அந்த ரயில் அங்கே நிற்காது. தெருக்கள் கிடையாது.

1979 படத்தில் தெரு, பூங்கா, ஆறு எல்லாம் உண்டு. தடங்கள் தரைக்கு அடியில் எப்படி வளைகின்றனவோ கிட்டத்தட்ட அப்படியே வளைகின்றன. மன்ஹாட்டனில் ஒரே தடத்தில் ஓடும் ரயில்களுக்கெல்லாம் ஒரே நிறம், பெரும்பாலும் ஒரே கோடு. எது எங்கே நிற்கும் என்று தெரிய நிலையத்தின் பெயருக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்.

என் ஓட்டு முதலாவதற்கு. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமே அதைச் சேகரிப்பில் வைத்திருக்கிறது. ஆனால் வெளியாகி ஏழே வருஷத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள். பயணிகளுக்கு ரசனை போதாது என்று வகுப்பில் பாதிப் பேர் கதையை முடித்துவிட்டார்கள். எனக்கு அது சப்பைக்கட்டாகத் தெரிகிறது. அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

குயின்ஸ்வாசி

தம்பி, ரசனை போதாது என்று சொன்னவர்களை 50ஆம் தெருவில் இறக்கிவிட வேண்டும். அந்தப் பெயரில் பிராட்வே தடத்தில் ஒரு நிலையம், எட்டாவது அவென்யூ தடத்தில் இன்னொரு நிலையம். தரையில் பிராட்வே நிலையம் கிழக்கே இருக்கிறது, எட்டாவது அவென்யூ நிலையம் மேற்கே. விக்னெல்லி படத்தில் இடம் மாறிவிட்டது. கோடுகள் நேராகப் போக வேண்டும் என்பதற்காக நிலையத்தையே தூக்கி மறுபக்கம் வைத்தாயிற்று.

அடுத்து சென்ட்ரல் பார்க். நிஜத்தில் 59ஆம் தெருவில் தொடங்கி 110ஆம் தெரு வரை போகிறது. நீளம் 4 கிலோமீட்டர், அகலம் 800 மீட்டர். படத்தில் கிட்டத்தட்ட சதுரம், அதுவும் சாம்பல் நிறத்தில். சுற்றியுள்ள தண்ணீர் மணல் நிறம். வெளியூர்க்காரன் பூங்காவின் தென்முனையில் இறங்கி, "சின்னச் சதுரம்தானே, வடக்கு முனை வரை நடந்துவிடலாம்" என்று கிளம்பினால் ஒரு மணி நேரம் போய்விடும்.

ஒன்றைக் கவனியுங்கள். மன்ஹாட்டனில் பெரும்பாலும் தெருவின் பெயரே எண்தான். வடக்கு தெற்காக 20 தெரு நடந்தால் சுமார் ஒரு மைல். இது குழந்தைக்கும் தெரியும். ஆக ஊரில் உள்ள அத்தனை பேர் தலையிலும் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்த ஊரில் வந்து நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டிப் படம் போட்டால், ரயிலை விட்டு மேலே ஏறி வந்த அடுத்த நிமிடமே குட்டு வெளிப்பட்டுவிடும். இதில் ரசனைக்கு எங்கே வேலை?

பிக்சல்பாண்டி

பூங்காவைச் சாம்பலாக்கியவருக்குக் கோயில் கட்டுவதா, அந்தச் சாம்பலையே எடுத்துப் பூசிவிடுவதா, ஓட்டெடுப்பு வைக்கலாம்.

ஈஸ்ட்ஹாம் செல்வி

குயின்ஸ்வாசி அக்கா சொன்ன அளவுகோல் விஷயம் லண்டனை வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். இந்த நேர்க்கோட்டுப் பாணிக்கு மூலம் இங்கேதான். சிக்னல் அலுவலகத்தில் வரைவாளராக இருந்த ஹாரி பெக் 1931இல் போட்டார். முதலில் வேண்டாம் என்றார்கள். 1933 ஜனவரியில் சட்டைப்பைக்குள் அடங்கும் மடிப்புத்தாளாக வெளியிட்டார்கள், லட்சக்கணக்கில் பிரதி. மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இன்றுவரை அந்தப் பாணிதான்.

அந்தப் படமும் கூசாமல் பொய் சொல்லும். கோவென்ட் கார்டனிலிருந்து லெஸ்டர் ஸ்கொயருக்குத் தடம் வெறும் 260 மீட்டர்தான். படத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றுலா வந்தவர்கள் அதற்கும் டிக்கெட் எடுத்துப் போகிறார்கள். பேஸ்வாட்டரும் குயின்ஸ்வேயும் ஒரே தெருவில் சில நிமிட நடை தூரம். படத்தை மட்டும் பார்த்தால் அது தெரியவே தெரியாது, இரண்டும் வெவ்வேறு தடத்தில் தனித்தனியாக நிற்கும்.

ஆனாலும் இங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை. லண்டன் தெருக்களில் ஒழுங்கு என்பதே இல்லை. எது வடக்கு, எது எவ்வளவு தூரம் என்று சராசரி ஆளுக்குத் தெரியாது. படம் சொல்வதுதான் ஊர் என்று நம்பிவிடுகிறோம். பொய்யை ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் எதுவும் இல்லை.

கொடி பிடித்தது ஒரே ஒரு முறை. 2009 செப்டம்பரில் படத்தைச் சுத்தப்படுத்துகிறோம் என்று தேம்ஸ் நதியைத் தூக்கிவிட்டார்கள். மேயர் வரைக்கும் போனது சண்டை. டிசம்பருக்குள் நதி திரும்பி வந்துவிட்டது. ஆற்றுக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்பது ஒன்றுதான் இங்கே எல்லோருக்கும் தெரிந்த திசை. அதில் மட்டும் கை வைக்கக் கூடாது.

ஆஃப்செட்

நான் வரைபவன் இல்லை, அச்சடிப்பவன். இரண்டையும் மெஷினில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன்.

விக்னெல்லி மாதிரிப் படத்தில் நிறமும் நிறமும் இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கின்றன. நிறத்துக்கு ஒன்றாக உள்ள நாலு பிளேட்டில் ஒன்று மயிரிழை நகர்ந்தால் போதும். இரண்டு கோட்டுக்கு நடுவில் வெள்ளை எட்டிப் பார்க்கும், இல்லையென்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூன்றாவதாக ஒரு நிறம் முளைக்கும். மழைக்காலத்தில் பேப்பர் ஈரம் குடித்துக் கொஞ்சம் விரிந்தாலே ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது, போய்விடும். அதற்காக ஒரு நிறத்தின் ஓரத்தை மற்றதன் மேல் துளியளவு ஏற்றிப் போடுவோம். ஓரிரு கோடு என்றால் சரி. நாலைந்து கோடு சேர்ந்தாற்போல் 45 பாகையில் திரும்பும் முனையில் அதைச் சரியாகக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விடும்.

1979 படம் கோடுகளில் இரக்கம் காட்டும், எழுத்தில் பழிவாங்கும். ஆற்றுக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை, அதன் மேல் நீல ரயில், பச்சை ரயில், அதற்கும் மேல் பொடி எழுத்து. வெளிர் நிறத்தை ஸ்க்ரீன் புள்ளியாகத்தான் கொண்டுவர முடியும். புள்ளித் தரையின் மேல் மெலிந்த எழுத்து உட்கார்ந்தால் ஓரம் பிசிறடிக்கும். அந்தப் படத்தில் தடித்த எழுத்து என்றால் முழுநேரமும் நிற்கும், மெலிந்த எழுத்து என்றால் சில நேரம் மட்டும் நிற்கும் என்று ஓர் ஏற்பாடு உண்டு இல்லையா? அச்சில் மை ஒரு பிடி கூடினால் மெலிந்தது தடித்ததாகிவிடும். பயணி நடுராத்திரியில் வராத ரயிலுக்குக் காத்திருப்பார். பாணி என்று பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரைகோல்

ஆஃப்செட் சார், இது எங்கள் பாடத்தில் வராத விஷயம். நன்றி.

அக்கா, உங்கள் வாதத்துக்கு ஒரு மறுப்பு. ஹெர்ட்ஸ் படமும் நேர்மையானது இல்லையே. மன்ஹாட்டனை உப்பவைத்திருக்கிறது, ஸ்டேட்டன் தீவைச் சுருக்கிவிட்டது. நிஜ அளவில் போட்டால் மன்ஹாட்டனின் தென்முனையில் அத்தனை நிலையத்தின் பெயரையும் எழுத இடமே இருக்காது. இரண்டுமே பொய் என்றால், தெளிவான பொய்தானே மேல்?

குயின்ஸ்வாசி

உப்பவைத்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த நிலையம் எதற்குக் கிழக்கே என்பதை மாற்றவில்லை. அளவு தப்பினால் கொஞ்சம் கூடுதலாக நடப்பேன். திசை தப்பினால் எதிர்ப்பக்கம் நடப்பேன். இரண்டும் ஒன்றா?

இன்னொன்று, அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பு. ஹெர்ட்ஸிடம் நொபுயுகி சிராய்சி என்று ஒரு ஜப்பானியச் சிற்பி வேலை பார்த்தார். ரயிலில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு, தாளில் பென்சிலை வைத்து, தடம் எங்கே வளைகிறதோ அங்கே உடம்பு உணர்ந்தபடி கோட்டை வளைத்து வரைந்தாராம். அந்தப் படத்தின் வளைவுகள் சும்மா அலங்காரத்துக்கு வந்தவை இல்லை.

காலத்தையும் பாருங்கள். எழுபதுகளில் இந்த ஊர் திவாலாகும் நிலையில் இருந்தது. சுரங்க ரயில் என்றால் பயம். மேலே ஏறியதும் எந்தத் தெருவில் நிற்போம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒருவரை எப்படி உள்ளே இறங்கச் சொல்வது? அந்தத் தேவைக்கு டாரனாக் குழு பதில் சொன்னது. 1978 ஏப்ரலில் கூப்பர் யூனியன் அரங்கில் விக்னெல்லியும் டாரனாக்கும் மேடையேறி நேருக்கு நேர் வாதாடினார்கள். ஒரு ரயில் படத்துக்காக அரங்கு எடுத்துச் சண்டை போட்ட ஊர் இது, அந்த வகையில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

(யார் வரைந்தது என்று ஹெர்ட்ஸுக்கும் டாரனாக்குக்கும் பின்னாளில் நடந்த பஞ்சாயத்து தனிக்கதை.)

எழுத்துப்பித்தன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தப் பேச்சு வந்தாலே "விக்னெல்லி, ஹெல்வெட்டிகா எழுத்துரு, நியூயார்க்" என்று மூன்றையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அவரும் பாப் நூர்தாவும் யூனிமார்க் நிறுவனத்தில் இருந்தபோது தயாரித்த 1970 நெறிமுறைக் கையேட்டில், நிலையப் பலகைகளுக்குச் சொல்லியிருந்தது ஸ்டாண்டர்ட் மீடியம் என்ற வேறொரு எழுத்துரு, அதாவது ஆக்ஸிடென்ஸ் குரோடெஸ்க். ஹெல்வெட்டிகா அதிகாரபூர்வமாக வந்தது 1989இல். இனி தொடருங்கள்.

பிக்சல்பாண்டி

இவர் எந்த இழையிலும் எழுத்துரு இல்லாமல் வீடு திரும்ப மாட்டார்.

ஈஸ்ட்ஹாம் செல்வி

வரைகோல் தம்பியின் "தெளிவான பொய்" என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். எனக்கு விக்னெல்லி படத்தில் உறுத்துவது அது நிஜத்தை விட்டு விலகியது இல்லை. பாதி தூரம் விலகிப் பாதியில் நின்றுகொண்டதுதான்.

பெக் படத்தில் நிலம் என்று எதுவும் இல்லை. வெள்ளைத் தாள், கோடுகள், ஒற்றை நதி. அந்த நதியும் அதே பாகைகளில் மடங்குகிறது. பார்த்தவுடன் இது ஊரின் படம் இல்லை, ரயிலின் படம் என்று புரிந்துவிடுகிறது. விக்னெல்லியோ கரையை வரைந்தார், தீவை வரைந்தார், பூங்காவை ஒரு கட்டமாக வைத்தார். நிலத்தை வரைந்துவிட்டால் பார்ப்பவர் அதை நிலப்படமாகத்தான் படிப்பார். அப்புறம் பூங்கா ஏன் சதுரமாக இருக்கிறது என்று கேட்கத்தான் செய்வார். பூங்காவும் தண்ணீரும் இல்லாமலே போட்டிருக்கலாம் என்று விக்னெல்லியே பிற்காலத்தில் சொன்னார். 2011இல் அவர் அலுவலகம் வார இறுதி ரயில் மாற்றங்களைக் காட்ட நியூயார்க் ரயில் நிர்வாகத்துக்கு ஓர் இணையப் படம் செய்து கொடுத்தபோது பூங்காக்களை எடுத்தேவிட்டார்கள்.

ஆய்வுமேசை

செல்வி சொல்வதற்கு இரண்டு ஆராய்ச்சிகள் பக்கபலம்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜான் குவோ லண்டன் பயணிகளின் பாதைத் தேர்வை ஆராய்ந்து 2011இல் கட்டுரை எழுதினார். எந்த வழியாகப் போவது என்று முடிவெடுக்கும்போது, நிஜத்தில் ஆகும் நேரத்தைவிடப் படத்தில் தெரியும் தூரம் சுமார் இரண்டு மடங்கு செல்வாக்குச் செலுத்துகிறது என்பது அவர் முடிவு. தினமும் போய்வருபவர்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. ஒரு கோட்டைக் குட்டையாக வரைந்தால் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பும் என்று அர்த்தம். வரைபவர் கையில் இருப்பது கிட்டத்தட்ட ஒரு போக்குவரத்து சிக்னல்.

இன்னொருவர் எசெக்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் மேக்ஸ் ராபர்ட்ஸ். பாரிஸ் மெட்ரோவின் வழக்கமான நேர்க்கோட்டுப் படத்துக்குப் போட்டியாக முழுக்க வளைவுகளால் ஒரு படம் வரைந்து, ஆட்களை உட்காரவைத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார். வளைவுப் படத்தில் கணிசமாக வேகமாகக் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோது வந்த பதிலுக்கும் எதில் வேகமாக வேலை செய்தார்கள் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. நேர்க்கோடு என்றாலே எளிமை என்று நாம் நம்பிப் பழகியிருக்கிறோம். பாரிஸில் தடங்கள் ரொம்பவே பின்னிப் பிணைந்தவை. 45 பாகைக்குள் அவற்றை அடக்கினால் ஒவ்வொரு தடமும் பத்து இடத்தில் ஒடிகிறது, கண் ஒவ்வோர் ஒடிப்பிலும் தடுக்கி விழுகிறது.

ஆக வரைகோல் தம்பி, உங்கள் வகுப்பில் "எது அழகு" என்று கைதூக்கச் சொல்லி முடிவெடுத்தால் அந்த முடிவு ரயில் பயணத்துக்கு உதவாது.

வரைகோல்

கைதூக்கச் சொல்லித்தான் முடிவெடுத்தார்கள்!

சரி, இன்னொரு கேள்வி. 1979 படம்தான் சரி என்றால் 2025 ஏப்ரலில் நியூயார்க்காரர்கள் ஏன் மறுபடியும் நேர்க்கோட்டுக்குத் திரும்பினார்கள்? புதுப் படம் விக்னெல்லியின் வாரிசு மாதிரியே இருக்கிறதே.

குயின்ஸ்வாசி

நல்லாக் கேட்டீங்க. இங்கே ரயில் பெட்டிகளில் ஒன்றொன்றாக மாற்றத் தொடங்கினார்கள். வெள்ளைப் பின்னணி, தடித்த நேர்க்கோடு, ஒவ்வொரு ரயிலுக்கும் தனி இழை, நிற்கும் இடத்தில் கறுப்புப் புள்ளி. இவ்வளவும் விக்னெல்லி. ஆனால் நிறம் மட்டும் 1979இலிருந்து வந்தது. எட்டாவது அவென்யூ தடத்தின் ஏ, சி, இ மூன்றும் நீலம். லெக்சிங்டன் தடத்தின் 4, 5, 6 மூன்றும் பச்சை. "பச்சை ரயிலைப் பிடி" என்று சொல்லிப் பழகிய ஊரில் அதை இனி மாற்ற முடியாது.

மனம் மாறியதற்குக் காரணம் என்னைக் கேட்டால் கைபேசிதான். 1979இல் மேலே ஏறியதும் எந்தப் பக்கம் நடப்பது என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில் சொல்லியாக வேண்டும். இன்று அதை யாரும் பெட்டிச் சுவரில் தேடுவதில்லை. தெருவைக் காட்டும் வேலை சுவர்ப்படத்தின் தலையிலிருந்து இறங்கிவிட்டது. மிச்சமிருப்பது எந்த ரயில், எங்கே நிற்கும், எங்கே மாறுவது என்ற மூன்றும்தான். அதில் விக்னெல்லி அன்றே கெட்டிக்காரர். எனக்கு அவர் படத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் தெருவில் நடக்கும்போது வந்த கோபம். பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது அதில் குறை சொல்ல முடியாது.

ஆஃப்செட்

தனித்தனி இழை என்றால் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு ரயில் ஓடவில்லை என்றால் அந்த இழையை மட்டும் எடுத்துவிட்டுப் படத்தை வெளியிடலாம். மூன்று ரயிலுக்கு ஒரே கோடு போட்டிருந்தால் எதை எடுப்பது? எழுத்தைத்தான் ஒவ்வொரு நிலையத்துக்கும் போய்ச் சுரண்ட வேண்டும்.

ஈஸ்ட்ஹாம் செல்வி

அதனால்தான் 2011 இணையப் படமும், 2020இல் வந்த நேரலைப் படமும் தனி இழையில் போடப்பட்டன. திரையில் பாதிப் படம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்போது 1979 பாணி தாங்காது.

வரைகோல்

இது எங்கள் சென்னைக்கு எப்படிப் பொருந்தும் என்று யோசிக்கிறேன். முதல் கட்டத்தில் நீலம், பச்சை என்று இரண்டே தடம். சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திக்கின்றன. இதற்கு எந்தப் பாணியில் போட்டாலும் புரிந்துவிடும்.

ஆய்வுமேசை

இரண்டாம் கட்டத்தின் மூன்று தடங்களும் சேரும்போது கேளுங்கள். அப்போது தெரியும் 45 பாகை தாங்குகிறதா, ஒடிகிறதா என்று.

பிக்சல்பாண்டி

குயின்ஸ்வாசி அக்கா, ஒரு சந்தேகம். புள்ளி இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆஃப்செட் அண்ணன் சொன்ன தடித்த எழுத்து, மெலிந்த எழுத்து சமாசாரம் இதில் எங்கே போனது? ராத்திரியில் ரயில்கள் வேறு மாதிரி ஓடுமே?

குயின்ஸ்வாசி

சரியான இடத்தில் கை வைத்தாய். என் பக்கத்து நிலையம் எல்ம்ஹர்ஸ்ட் அவென்யூ. பகலில் எம், ஆர் இரண்டும் அங்கே நிற்கும். இ, எஃப் இரண்டும் நிற்காமல் பறக்கும். நள்ளிரவில் எம்மும் ஆரும் அந்தப் பக்கமே வராது, இ, எஃப் இரண்டும் நின்று நின்று போகும். அதாவது புள்ளிகள் அப்படியே இடம் மாற வேண்டும். சுவரில் இருக்கும் படம் வாரநாள் பகலைத்தான் காட்டுகிறது.

பிக்சல்பாண்டி

அப்போ ராத்திரிக்கு என்று தனிப் படமா?

குயின்ஸ்வாசி

ஆமாம். 2012இலிருந்தே நள்ளிரவுச் சேவைக்குத் தனி வரைபடம் வெளியிடுகிறார்கள்.